கல்குடாக் கரையும் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும்

வரலாறு என்றவுடன் அரசர்தம் ஆட்சியாண்டுகளும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் பொதுமக்கள் காலத்தை அளக்கும் முறை வேறு. மட்டக்களப்புப் பகுதியின் முதியோர் ஒரு பிள்ளையின் பிறப்பையோ ஒரு வீட்டின் பழமையையோ குறிப்பிடும்பொழுது, சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் எனப் பகுத்துரைப்பதைக் கேட்கலாம். அவர்கள் சுட்டுவது 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மாலையும் அதனைத் தொடர்ந்த இரவுமாகும். அச்சூறாவளி எவ்வாறு உருவாயிற்று, அதன் அழிவு ஏன் அத்துணைப் பெரிதாயிற்று, அது நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றைக் கல்குடாக் கரையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்திலாந்திக்கில் ஹரிக்கேன் என்றும், மேற்குப் பசுபிக்கில் டைபூன் என்றும், தமிழகத்தில் புயல் என்றும், ஈழத்தில் சூறாவளி என்றும் வழங்கப்பெறுவது ஒரே இயற்கை நிகழ்ச்சியே. நம் பத்திரிகைகள் ‘மினி சூறாவளி’ எனக் குறிப்பிடும் திடீர்ச் சுழற்காற்றுக்களும், அமெரிக்கச் சமவெளிகளில் வீசும் டொர்னாடோவும் இடிமுகிலிலிருந்து பிறந்து சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுபவை. அவற்றின் அழிவுப் பாதையும் குறுகியது. சூறாவளியோ பல நாள் வாழ்ந்து, பல நூறு கிலோமீற்றர் பரப்பை ஆட்கொள்வது.

அதன் எரிபொருள் கடலின் வெப்பமாகும். கடல்மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசை விஞ்சும்பொழுது ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாக ஒடுங்குகின்றது. அவ்வாறு ஒடுங்குகையில் நீராவி தன்னகத்துள்ள மறைவெப்பத்தை வெளியிடுதலால் காற்று மேலும் சூடேறி மேலெழ, கீழே அமுக்கம் குன்றுகின்றது. குன்றிய இடத்தை நிரப்ப நாற்றிசைக் காற்றும் விரைகின்றது. புவிச் சுழற்சியின் விளைவாக அக்காற்று நேரே செல்லாது, வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. மத்தியகோட்டையண்டி இவ்விளைவு மிக நலிந்திருத்தலின் அங்குச் சூறாவளி தோன்றுதல் அரிது. ஏழு, எட்டுப் பாகை அகலக்கோடுகளையொட்டிய நம் கீழ்க்கரை அவ்வரம்பிற்குச் சற்று அப்பால் அமைந்துள்ளது. ஆகவே இங்குச் சூறாவளி அடிக்கடி வருவதில்லை, ஆனால் வராதிருப்பதுமில்லை. இவ்வுண்மையைப் பின்னரும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வங்காள விரிகுடாவில் உருவாகி மேற்கு நோக்கி நகர்ந்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளி, நவம்பர் 23 மாலை மட்டக்களப்பையண்டிக் கரையேறியது. இலங்கையைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவை அடைந்து, 24ஆம் நாள் இராமநாதபுரக் கரையைத் தாக்கியது. மேற்கு நோக்கிச் செல்லும் சூறாவளிக்கு வலப்பக்கம் வடக்காகும். அப்பக்கத்தில் சுழற்காற்றும் சூறாவளியின் முன்னேற்ற வேகமும் ஒருங்கு சேர்ந்து கடலைக் கரைமீது தள்ளும். தென்பக்கத்திலோ காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே அமைந்த கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனைக் கரைகள் அவ்வலப்பக்கத்திலேயே அகப்பட்டன. தாழ்ந்த மணற்கரையும் களப்பு முகங்களும் கொண்ட இந்நிலவமைப்பு, பொங்கும் கடலுக்கு இயல்பாகவே வழிதிறந்து விடுவதாகும்.

அழிவின் அளவைப் பதிவுகள் வருமாறு கூறுகின்றன: ஏறத்தாழ 915 பேர் உயிரிழந்தனர், பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் முற்றாகவோ பகுதியாகவோ சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வீழ்ந்தது. மீன்பிடிப் படகுகளில் ஐந்திலொரு பங்கும், நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பதும் அழிந்தன. எழுவான்கரை மக்கள் கடலையும் தென்னையையும் இழந்து நின்றவேளையில், படுவான்கரையிற் பெரும்போக வேளாண்மை இளம்பயிராய் நின்ற காலம் அது. நெல்லை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம்; தென்னையோ நட்டுப் பலன்தர ஆறேழு ஆண்டுகள் செல்லும். கூரைக்குக் கிடுகும், கறிக்குத் தேங்காயும், கைச்செலவுக்குப் பணமும் தந்த மரம் வளவில் இல்லாதொழிந்தமையே ஏழைக் குடும்பங்களின் நீண்டகாலத் துயராயிற்று.

இனி, இத்துணை அழிவுக்குக் காற்றின் வலிமை மட்டுமே காரணமோ எனில், அன்று. காற்றின் வேகம் இருமடங்காயின் சுவர்மீதும் கூரைமீதும் அது செலுத்தும் விசை நான்மடங்காகும்; கிடுகு வேய்ந்த மண்வீடு அதனைத் தாங்காது. சுவரோடு இறுகப் பிணைக்கப்படாத ஓட்டுக் கூரையும் தாங்காது. செய்தித் தொடர்பும் குறைந்திருந்த காலம் அது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியதே 1979இல்தான். இவையனைத்தினும் ஆழ்ந்த காரணம் மறதியாகும். 1907ஆம் ஆண்டு மார்ச்சில் கீழ்க்கரையைப் பெரும்புயலொன்று தாக்கியது. அதற்கும் 1978க்கும் இடைப்பட்டவை 71 ஆண்டுகள். ஒரு மனித வாழ்நாள். முன்னதைக் கண்ணாரக் கண்டோர் பெரும்பாலும் மறைந்தபின்னரே பின்னது வந்தது. 1964 டிசம்பரில் திருகோணமலைக் கரையைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயலையும் மட்டக்களப்பார் பிறர்க்கு நேர்ந்த துன்பமாகக் கேட்டறிந்தனரேயன்றி, தமக்குரிய எச்சரிக்கையாகக் கொண்டனர் எனக் கூறுதல் அரிது.

சூறாவளியைத் தடுக்க இயலாது. அழிவைக் குறைக்க இயலும். 1970இல் வங்கக் கரையில் வீசிய புயல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அதன்பின் தொண்டர் படையும், உயர்ந்த புகலிடக் கட்டடங்களும், ஊர்தோறும் எச்சரிக்கை முறையும் வங்காளதேசத்தில் அமைக்கப்பட்டன. 2007இல் கடும் சிட்ர் புயல் தாக்கியபொழுது இறந்தோர் தொகை சில ஆயிரமே. இலங்கையிலோ 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே, 2005இல், அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் புரெவிப் புயல் திருகோணமலையை அண்டிக் கரைகடந்தபொழுது முன்னதாகவே மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். உயிரிழப்பும் மிகக் குறைவு. எனினும் புரெவி 1978இன் வலிமைக்கு அருகும் நிற்பதன்று. 2025 நவம்பரில் வந்த டித்வாவோ காற்றினாலன்றி மழையினாலும் மண்சரிவினாலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரு புயலிற் கற்ற பாடம் மற்றொன்றுக்கு முழுதும் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

கல்குடாக் கரைக்கு வேண்டுவன அரிய பொருள்கள் அல்ல. கூரையைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் பிணைத்தல், களப்போரக் கண்டற் காடுகளைக் காத்தல், பாடசாலைகளையும் வழிபாட்டிடங்களையும் உறுதியான புகலிடங்களாகக் கட்டுதல் ஆகியன முதன்மையானவை. இன்னொன்றும் உண்டு. சூறாவளியின் கண் மேலாகக் கடக்கும்பொழுது காற்று அடங்கி அமைதி நிலவும். வடக்கிலிருந்து வீசிய காற்று, சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து முன்னிலும் கொடிதாகத் திரும்பும். அவ்வமைதியை முடிவென நம்பி வெளியேறுதல் சாவைத் தேடிக்கொள்வதாகும் என்பதை ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் அறிந்திருத்தல் வேண்டும்.

போர்க்காலத்தில் ஊர்கள் பன்முறை இடம்பெயர்ந்தன. முதியோர் சொல்லக் கேட்டு இளையோர் வளரும் தொடர்ச்சி அதனால் அறுபட்டது. 2009இன் பின் பாசிக்குடாக் கடலோரத்தில் விடுதிகள் நிரையாக எழுந்துள்ளன. 1978ஐக் கண்டோர் இன்று முதுமையெய்தி வருகின்றனர். அவர்தம் நினைவுகளை, தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு எளிதிற் கைகூடும் பணியாகும். காலந்தாழ்த்தின் அடுத்த சூறாவளியையும் நாம் முதற் சூறாவளியாகவே எதிர்கொள்வோம்.