நாளைக்குப் பெருநாளா, இல்லையா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

2024 ஏப்ரல். எங்க டீமோட கிளையன்ட் துபாய்ல. ஆன்-கால் ரோஸ்டர் போடுறது என் வேலை. ஈத் எப்பன்னு துபாய் காலண்டர்ல பார்த்தேன். ஏப்ரல் 10, புதன்கிழமை. அதை அப்படியே காப்பி பண்ணி, டீம்ல இருக்கற என் கம்பத்து நண்பனுக்கு 10-ஆம் தேதி லீவு, 11-ஆம் தேதி ஆன்-கால்னு போட்டுட்டேன். நல்லது பண்ணிட்டோம்னு ஒரு திருப்தி வேற.

9-ஆம் தேதி சாயங்காலம் தமிழ்நாட்டுல பிறை தெரியல. பெருநாள் 11-ஆம் தேதின்னு தலைமை காஜி அறிவிச்சிட்டாரு. அதாவது, நான் லீவு கொடுத்த அன்னைக்கு அவன் முப்பதாவது நோன்புல இருந்தான். பெருநாள் அன்னைக்கு ஆன்-கால்ல இருந்தான். ராத்திரி அவன் அனுப்பின மெசேஜை நான் பார்க்கவே இல்ல. காலையில அவன் புதுச் சட்டை போட்டுத் தொழுகைக்கு நின்னுட்டு இருக்கும்போது, பாக்கெட்ல போன் அதிர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. வீட்டுக்கு வந்து, விருந்தாளிங்க உட்கார்ந்திருக்க, ரூமுக்குள்ள போய் லேப்டாப்பைத் திறந்து சரி பண்ணியிருக்கான். அப்புறமா நான் கூப்பிட்டப்போ "பரவால்ல மச்சி"ன்னு மட்டும்தான் சொன்னான். திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, 9-ஆம் தேதி கேரளத்துல பிறை பார்த்தாச்சு. அங்க 10-ஆம் தேதியே பெருநாள். கம்பத்துல இருந்து மலை ஏறினா குமுளி. மலைக்கு மேல பெருநாள் பிரியாணி, மலைக்குக் கீழ நோன்பு. துபாய்ல 30 நோன்பு முடிச்சு 10-ஆம் தேதி. கேரளத்துல 29 முடிச்சு 10-ஆம் தேதி. நம்மகிட்ட 30 முடிச்சு 11-ஆம் தேதி. ஒரே நிலா, ஒரே மாசம்!

இஞ்சினியர் புத்தி உடனே என்ன சொல்லும்? "இதை ஏன் முன்னாடியே கணக்குப் போட்டு வைக்கக் கூடாது?" நானும் அப்படித்தான் யோசிச்சேன். அந்த ஒரு கேள்விக்காக ஒரு வருஷம் படிச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல கணக்கு. நிலா ஒரு சுத்து முடிக்க சராசரியா 29.53 நாள். பன்னிரண்டால பெருக்கினா சுமார் 354 நாள். நம்ம 365-ஐ விட 11 நாள் கம்மி. அதனாலதான் ரம்ஜான் வருஷா வருஷம் 11 நாள் முன்னாடி நகர்ந்து, சுமார் 33 வருஷத்துல எல்லாப் பருவத்தையும் சுத்திட்டு வருது. 2030-ல பாருங்க, ஜனவரியில ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில இன்னொரு ரமலான் ஆரம்பிக்கும்.

நம்ம ஊர்ப் பஞ்சாங்கக்காரங்களும் நிலாவைப் பார்க்கறவங்கதான். ஆனா தீபாவளி ஆடி மாசத்துக்கு ஓடிப் போறதில்ல. காரணம், தேவைப்படும்போது ஒரு மாசத்தைச் சேர்த்துச் சூரியனோட சரிக்கட்டிடுவாங்க. இஸ்லாத்துக்கு முன்னாடி அரபு நாட்டுலயும் இந்த மாதிரி சேர்க்கிற பழக்கம் இருந்துச்சு. எப்பச் சேர்க்கணும்னு முடிவு பண்ற உரிமை சிலர் கையில இருந்துச்சு. போர் கூடாதுங்கற புனித மாசங்களைத் தங்களுக்கு வசதியாத் தள்ளி வச்சாங்க. குர்ஆன் அதைத் தடை பண்ணுது. 632-ல நபிகள் நாயகம் தன்னோட கடைசி ஹஜ்ஜுப் பேருரையிலயும் மாசம் பன்னிரண்டுதான்னு அறிவிச்சாரு. ரமலான்ங்கற பேருக்கே கொளுத்துற வெயில்னு சம்பந்தம் உண்டு. அந்தத் தடைக்கு அப்புறம் அது மார்கழிக் குளிர்லயும் வருது.

சரி, அமாவாசை எப்பன்னு நொடி சுத்தமா சொல்லிடலாம். 2024 ஏப்ரல் 8-ஆம் தேதி அமெரிக்காவுல முழு சூரிய கிரகணம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுதான் அந்த மாசத்து அமாவாசை. நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. மறுநாள் சூரியன் மறையும்போது நிலாவுக்கு வயசு பத்தொன்பது மணி நேரம் கூட ஆகல. நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கோடு. அந்த வயசுல வெறுங்கண்ணுக்குத் தெரியறது வானம், ஈரப்பதம், மேகம், பார்க்கறவங்க கண்ணு எல்லாத்தையும் பொறுத்தது. பொன்னானிக் கடற்கரையில தெரியறது கம்பத்துல தெரியாம போகலாம். அமாவாசை கணக்கு, பிறை சாட்சி. ரெண்டும் வேற வேற.

எங்க ஊரையே எடுத்துக்கோங்க. அய்யம்பாளையம், மருதாநதி அணைக்குப் பக்கத்துல, கீழ்ப்பழனி மலையோட அடிவாரம். தென்னந்தோப்பைத் தாண்டி மேற்கே பார்த்தா மலைதான். முதல் பிறை மேற்கு வானத்துல ரொம்பத் தாழ்வா இருக்கும். பெரும்பாலும் சூரியன் விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அதுவும் விழுந்துடும். அதுக்குள்ள எங்க மலை அதை முழுங்கிடும். அதே மலை மேல கொடைக்கானல்ல 1899-ல ஆரம்பிச்ச சூரிய ஆய்வுக்கூடம் இருக்கு. சூரியப் புள்ளிகள்ல வாயு எப்படி ஓடுதுன்னு 1909-ல எவர்ஷெட் கண்டுபிடிச்ச இடம். மேல சூரியனையே அளந்துட்டு இருக்காங்க. கீழ இருக்கற எங்களுக்கு முதல் பிறை கண்ணுல படாது.

அப்ப அடிவாரத்துல எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? வத்தலகுண்டுல எங்க தாத்தா கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர், நான் பாய் தாத்தான்னு கூப்பிடுவேன், அவர்கிட்ட கேட்டேன். "சேதி வரும்பா. சேதி சொன்னவன் யாருன்னு பார்ப்போம். அவன் பொய் சொல்ற ஆளான்னு பார்ப்போம். அவ்வளவுதான்"னு சொன்னாரு.

இந்தச் சிக்கல் பழசு. ரொம்பப் பழசு. ஏழாம் நூற்றாண்டுலயே ஒரு சம்பவம் ஹதீஸ் நூல்ல பதிவாகியிருக்கு. குரைப்னு ஒருத்தர் மதீனாவுல இருந்து ஒரு வேலையா சிரியாவுக்குப் போறாரு. அங்க ரமலான் பிறையை வெள்ளிக்கிழமை ராத்திரி பார்க்கறாங்க. முஆவியா உட்பட எல்லாரும் நோன்பு பிடிக்கறாங்க. மாசக் கடைசியில குரைப் மதீனா திரும்பினா, இங்க பிறை பார்த்தது சனிக்கிழமை ராத்திரி. இப்னு அப்பாஸ்கிட்ட "முஆவியா பார்த்தது போதாதா?"ன்னு கேட்கறாரு. போதாது, நாங்க எங்க பிறையைப் பார்க்கற வரைக்கும், இல்லைன்னா முப்பது முடியற வரைக்கும் நோன்பு பிடிப்போம்னு அவர் சொல்லிடறாரு. டமாஸ்கஸ்ல எடுத்த முடிவு மதீனாவுல செல்லல. என் ரோஸ்டர்ல நான் பண்ணது அதே தப்பு. துபாய் வானத்தைக் கம்பத்துல கொண்டு வந்து ஒட்டினேன்.

தந்தி வந்தப்போ இந்த விவாதம் மறுபடி சூடாச்சு. முகம் தெரியாத ஆள் அனுப்பின கட்டுக் கடா சத்தத்தைச் சாட்சியா ஏத்துக்கலாமா? அப்புறம் ரேடியோ, போன், இப்ப வாட்ஸப். துருக்கி மாதிரி சில நாடுகள் கணக்கையே எடுத்துக்கிட்டாங்க. தமிழ்நாட்டுலயே சவூதி அறிவிப்பைப் பின்பற்றறவங்க உண்டு, கணக்குதான் சரின்னு சொல்றவங்க உண்டு, கேரள எல்லையில சிலர் கேரளப் பிறையை எடுத்துக்குவாங்க. ஒரே தெருவுல ரெண்டு பெருநாள் வந்தா மனஸ்தாபமும் வரும், அதை மறைக்க வேண்டாம். சிரிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2025 மார்ச்ல சனிப்பெயர்ச்சின்னு திருக்கணிதம் சொல்ல, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-லதான்னு திருநள்ளாறு கோயில்ல சொன்னாங்களே. அப்ப நம்ம வீட்டு வாட்ஸப் குரூப்ல நடந்த சண்டையை நினைச்சுப் பாருங்க.

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்ன?"ன்னு கேக்கலாம். பித்ரான்னு ஒரு விஷயம் இருக்கு. வசதி இருக்கற ஒவ்வொரு குடும்பமும், வீட்ல இருக்கற தலைக்கு இவ்வளவுன்னு, பச்சைக் குழந்தைக்கும் சேர்த்து, தானியமோ அதுக்கான பணமோ ஏழைங்களுக்குக் கொடுக்கணும். நம்ம பக்கம் தலைக்குச் சுமார் ரெண்டரை கிலோ அரிசின்னு கணக்கு. பெருநாள் தொழுகைக்கு முன்னாடி போய்ச் சேரணும். அன்னைக்கு எந்த வீட்லயும் அடுப்பு எரியாம இருக்கக் கூடாதுங்கறதுதான் நோக்கம். ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே கொடுக்கறவங்க உண்டு. ஆனா பிறை தெரிஞ்ச அந்த ஒரு ராத்திரிதான் மூட்டைகள் தெருத் தெருவா ஓடும். தேதி தப்பினா, யாரோ ஒருத்தர் வீட்ல அந்த அரிசி நேரத்துக்கு வராது. என் ரோஸ்டர் தப்பு இதுக்கு முன்னாடி சின்னது, ஒத்துக்கறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள்ல இந்தப் பரபரப்பு கம்மி. அது மாசத்தோட பத்தாவது நாள், பிறை பார்த்த பிறகு கையில ஒன்பது நாள் இருக்கு. இறைவன் கேட்டாருன்னு இப்ராஹீம் நபி தன் மகனையே பலி கொடுக்கத் துணிஞ்ச கதையோட நினைவு. மகன் பிழைச்சாரு, பதிலுக்கு ஆடு. அந்த இறைச்சியை மூணு பங்கு வைக்கறது வழக்கம்: வீட்டுக்கு, சொந்தக்காரங்க அக்கம்பக்கத்துக்கு, ஏழைங்களுக்கு. 2025-ல சவூதியில ஜூன் 6, இங்க ஜூன் 7.

பேர்களையும் கவனிங்க. ஈதுல் ஃபித்ர்னு அரபியில சொல்றதை வத்தலகுண்டுல நோன்புப் பெருநாள்ம்பாங்க. நோன்பு, பிறை, தொழுகை, பெருநாள், பள்ளிவாசல் எல்லாமே தமிழ். காரடையான் நோன்பு இருக்கற எங்க பாட்டியும் அதே வார்த்தையைத்தான் சொல்லும். பள்ளின்னா ஒரு காலத்துல சமணத் துறவிங்க தங்கின இடம். அந்தப் பழைய சொல்லுக்குள்ளதான் நோன்புக் கஞ்சியும் வேகுது. சின்ன வயசுல தூக்குவாளியோட வரிசையில நின்னு வாங்கிட்டு வந்திருக்கேன், பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி காலி. அந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்குத் தமிழ்நாடு அரசு அரிசி கொடுக்கற திட்டம் 2001-ல ஆரம்பிச்சது.

அரசாங்கமும் இந்த நிலாகிட்ட இருந்து தப்பல. மிலாது நபிக்குத் தமிழ்நாட்டுல 1969-ல அரசு விடுமுறை வந்துச்சு. 1990 சுதந்திர தின உரையில பிரதமர் வி.பி.சிங் அதை நாடு முழுக்க விடுமுறையா அறிவிச்சாரு. ஆனா எந்தத் தேதி? 2024 காலண்டர்ல செப்டம்பர் 16-னு அச்சடிச்சாச்சு. பிறை அறிவிப்பு வந்ததும் அரசு அதை 17-க்கு மாத்துச்சு. அரசாணையே மாறும்போது என் எக்செல் ஷீட் எம்மாத்திரம்.

2025-ல ரோஸ்டர்ல ரெண்டு நாளுக்கு அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டேன், மார்ச் 31, ஏப்ரல் 1. மார்ச் 30 ஞாயித்துக்கிழமை, ஊர்ல இருந்தேன். இந்தத் தடவை நிலாவுக்கு வயசு 26 மணி நேரம், தெரியறதுக்கு நல்ல வாய்ப்புன்னு கணக்குப் பார்த்து வச்சிருந்தேன். மருதாநதிப் பக்கம் போய் நின்னேன். சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்குச்சு. தோப்பு இருட்டிடுச்சு. எதிர்ல மலை, அவ்வளவுதான். ஏழு மணி வாக்குல போன்ல அவன்கிட்ட இருந்து ஒரே ஒரு வார்த்தை.

"பார்த்தாச்சு."