பதிவேட்டில் ஒரு பெயர்: திருநங்கைகளும் சட்டமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சட்ட வரலாறு எதுக்குன்னு கேட்காதீங்க. எங்க சிவகாசி அச்சகங்களில் குவிந்து கிடக்கும் விண்ணப்பப் படிவங்களில் 'ஆண் / பெண்' என்று இரண்டே கட்டம் பார்த்துப் பழகியவன் நான். அந்தத் தாளை ஒரு திருநங்கை வாங்கினால் எதில் டிக் அடிப்பார்?

அரசு இவர்கள் பெயரை எழுதி வைத்தது புதிதல்ல. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம்ம பக்கம் கள்ளர், மறவர் கதையாகத்தான் தெரியும். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி வட இந்தியாவில் ஹிஜ்ராக்களைப் பதிவு செய்து கண்காணிக்கச் சொன்னது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் பெண் உடையில் வெளியே வந்தால் இரண்டு வருடம் வரை சிறை. சேலை கட்டியதற்கு!

2008-ல் இந்தியாவிலேயே முதலாவதாக தமிழ்நாடு அரசு திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது. மறுபடி ஒரு பதிவேடு, ஆனால் இந்த முறை அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும். அதற்கு முன்பே ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' இரண்டும் வந்துவிட்டன. வித்யா கேட்டது இரக்கம் இல்லை. பிச்சை எடுக்காமல் வாழ ஒரு வேலை, தன் பெயரிலேயே சான்றிதழ்.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை அவரவரே சொல்லலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. ஆனாலும் பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. தேர்வு எழுதவே சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2017-ல்தான் பணியில் சேர்ந்தார்.

2019-ல் மத்திய அரசு கொண்டு வந்த பாதுகாப்புச் சட்டத்தை திருநங்கைகளே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். காரணம் இருக்கிறது. சான்றிதழ் தருவது கலெக்டர் என்றது சட்டம். அப்புறம் 'அவரவரே சொல்லலாம்' என்ற தீர்ப்பு எங்கே போச்சு? அவர்களைப் பாலியல் வன்முறை செய்தவனுக்கும் அதிகபட்சம் அதே இரண்டு வருடம்தான். கிரேஸ் பானு போன்றவர்களின் இன்னொரு கோரிக்கை, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநங்கை, திருநம்பிகளுக்குத் தனி இடம். எல்லோரையும் ஒரே பட்டியலில் தள்ளினால் தலித் திருநங்கை தன் எஸ்.சி. ஒதுக்கீட்டை இழக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயம்தான்.

அதே 2019 ஏப்ரலில், தூத்துக்குடியில் ஒரு இளைஞருக்கும் திருநங்கைக்கும் கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும் சேர்த்திதான், பதிவு செய்யுங்கள் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது மதுரைக் கிளையில். விருதுநகர் மாவட்டமும் அந்த எல்லைக்குள்தான்!