நீச்சல் குளமும் இல்லை.. நடை பழகும் குழந்தையும் இல்லை! புது பாகத்தில் 'கன்டென்ட்' போதுமா? 'தி சிம்ஸ் 4' சொல்லும் பாடம்

வீடு கட்டியாச்சு, தோட்டமும் போட்டாச்சு. பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் வெட்டலாம் என்று மெனுவைத் திறந்தால், அப்படி ஒரு பட்டனே இல்லை. சரி, போகட்டும் என்று குடும்பத்தைக் கவனித்தால், தொட்டிலில் கிடந்த குழந்தை ஒரே தாவலில் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்து நிற்கிறது. நடுவில் இருந்த மழலைப் பருவமே காணோம்!

2014 செப்டம்பர் 2-ஆம் தேதி 'தி சிம்ஸ் 4' கேம் வெளியானபோது, அதன் ரசிகர்கள் சந்தித்த அனுபவம் இதுதான். ஐந்து வருடம் காத்திருந்து, முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இதுல விளையாட என்ன இருக்கு?"

இந்த வகை கேம்களில் புது பாகம் எது வந்தாலும் இதே கேள்வி எழுகிறது. ஒரு கேமில் 'கன்டென்ட்' போதுமா, போதாதா என்பதை எதை வைத்துச் சொல்வது? காசு போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

'லைஃப் சிமுலேஷன்' என்றால் என்ன?

இதில் சுட்டு வீழ்த்த எதிரி கிடையாது. ஜெயித்தேன், தோற்றேன் என்ற முடிவும் கிடையாது. நீங்கள் சில மனிதர்களை உருவாக்குகிறீர்கள். அவர்களுக்கு வீடு கட்டித் தருகிறீர்கள். வேலைக்கு அனுப்புகிறீர்கள், காதலிக்க வைக்கிறீர்கள், சண்டை போடவும் வைக்கிறீர்கள். அவர்கள் 'சிம்லிஷ்' என்ற புரியாத மொழியில் பேசிக்கொண்டே தங்கள் வாழ்க்கையை நடத்துவார்கள்.

இந்த வகையைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது 'தி சிம்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட், தன் மேக்சிஸ் குழுவோடு உருவாக்கியது. 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் ஏற்பட்ட பெரும் தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. இழந்த பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தபோதுதான், மனிதர்களுக்கு எது எதற்குத் தேவைப்படுகிறது என்ற யோசனை அவருக்கு வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இ.ஏ.) நிறுவனம் 2000 பிப்ரவரியில் அந்த கேமை வெளியிட்டது.

கதையை எழுதுவது கேம் அல்ல, விளையாடுபவர்தான். கேம் தருவதெல்லாம் கதைக்கான பொருட்கள். எனவே இங்கே 'கன்டென்ட்' என்றால், எத்தனை சோபா, எத்தனை சட்டை என்ற கணக்கு மட்டும் இல்லை. உங்கள் குடும்பத்தின் கதையைத் தொடர்ந்து நடத்திக்கொண்டு போக முடிகிறதா என்பதும் அதில் அடக்கம்.

முந்தைய பாகங்களில் என்ன இருந்தது?

முதல் பாகத்தில் பெரியவர்களுக்கு வயது ஏறாது, சிறுவர்களும் சிறுவர்களாகவே இருப்பார்கள். 2004-ல் வந்த 'தி சிம்ஸ் 2' இதை மாற்றியது. கைக்குழந்தை, நடை பழகும் குழந்தை, சிறுவர், பதின்வயது, பெரியவர், முதியவர் என்று வாழ்க்கை நகர ஆரம்பித்தது. அப்பாவின் மூக்கும் அம்மாவின் கண்ணும் பிள்ளைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தை விளையாடும் பழக்கம் இங்கேதான் வேரூன்றியது.

2009-ல் வந்த 'தி சிம்ஸ் 3' ஊரையே திறந்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பி பூங்காவுக்குப் போகலாம், நடுவில் 'லோடிங்' திரை வராது. பெரும்பாலான பொருட்களை விரும்பிய நிறத்துக்கும் டிசைனுக்கும் மாற்றலாம்.

நான்காம் பாகத்தில் எவையெல்லாம் இல்லை?

முதல் நாளில் விடுபட்டிருந்தவற்றில் முக்கியமானவை இவை:

* நீச்சல் குளம்: முதல் மூன்று பாகங்களிலும் அடிப்படை கேமிலேயே இருந்தது.
* நடை பழகும் குழந்தைப் பருவம்: இரண்டாம், மூன்றாம் பாகங்களில் இருந்தது.
* பேய்கள்: இறந்துபோன சிம் திரும்ப வருவது இந்த கேமின் பழைய வேடிக்கை. அதுவும் இல்லை.
* திறந்த ஊர்: பக்கத்து வீட்டுக்குள் போகவும் 'லோடிங்' திரை.
* விரும்பிய நிறம்: கேம் தரும் சில நிறங்களில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும்.
* அடித்தளம்: வீட்டுக்குக் கீழே அறை கட்ட முடியாது.

கைக்குழந்தைகூட தொட்டிலோடு ஒட்டிய ஒரு பொருளைப் போலத்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது.

அப்போ, புதுசா எதுவுமே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. சிம்களுக்கு உணர்ச்சிகள் வந்தன. கோபமாக இருக்கும் சிம் ஒரு வேலையைச் செய்வதற்கும், உற்சாகமாக இருப்பவர் செய்வதற்கும் வித்தியாசம் தெரிந்தது. பேசிக்கொண்டே சாப்பிடுவது போல இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தார்கள். முகத்தையும் உடலையும் களிமண் போலப் பிடித்து இழுத்து உருவாக்கலாம். கட்டிய அறையை அப்படியே தூக்கி இன்னொரு இடத்தில் வைக்கலாம். மற்றவர்கள் கட்டிய வீடுகளை கேமுக்குள்ளேயே தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் புதுமைகள் விடுபட்டவற்றை ஈடுகட்டவில்லை. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் கணினிப் பதிப்பு மதிப்பெண்களைப் பாருங்கள். முதல் பாகம் 92, இரண்டாம் பாகம் 90, மூன்றாம் பாகம் 86. நான்காம் பாகம் 70.

ஏன் விட்டுவிட்டார்கள்?

வெளியீட்டுக்கு முன்பே எதிர்ப்பு கிளம்பியதால், மேக்சிஸ் தரப்பு விளக்கம் கொடுத்தது. கேமின் அடித்தளத் தொழில்நுட்பம் முழுக்கப் புதிது, உணர்ச்சிகள், கட்டுமானக் கருவிகள் போன்றவற்றுக்கு முன்னுரிமை கொடுத்தோம், எல்லாவற்றையும் முதல் நாளிலேயே தர முடியவில்லை என்பதுதான் அதன் சாரம்.

இன்னொரு காரணமும் பின்னர் பரவலாகப் பேசப்பட்டது. இந்த கேம் முதலில் பலர் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் கேமாகத் திட்டமிடப்பட்டு, பாதி வழியில் தனியாக விளையாடும் கேமாக மாற்றப்பட்டது என்பதே அது. 2013 மார்ச்சில் இதே மேக்சிஸின் 'சிம்சிட்டி', இணைய இணைப்பு கட்டாயம் என்று வந்து, சர்வர் சிக்கலால் பெரும் கெட்ட பெயர் வாங்கியிருந்தது.

விடுபட்டவை எப்போது வந்தன?

* பேய்கள்: 2014 அக்டோபர்
* நீச்சல் குளம்: 2014 நவம்பர்
* அடித்தளம்: 2015
* நடை பழகும் குழந்தைகள்: 2017 ஜனவரி
* தரையை மேடு பள்ளமாக மாற்றும் கருவி: 2018 நவம்பர்
* தொட்டிலை விட்டு வெளியே வரும் கைக்குழந்தைகள்: 2023 மார்ச்

இவை எல்லாமே இலவச அப்டேட்கள்தான். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். நீச்சல் குளத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும். ஒரு குழந்தை வளர்வதை முழுமையாகப் பார்க்க, முதல் நாள் வாங்கியவர் எட்டரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த ஊர் வரவே இல்லை.

பழைய பாகத்தோடு ஒப்பிடுவது நியாயமா?

இந்த விவாதத்தில் அடிக்கடி குழம்புவது இங்கேதான். 'தி சிம்ஸ் 3'-க்கு 11 எக்ஸ்பான்ஷன் பேக்குகள் வந்தன. அவை அத்தனையும் போட்டு விளையாடியவர், புது பாகத்தின் அடிப்படை கேமைத் திறந்தால் வெறிச்சோடித்தான் தெரியும். செல்லப்பிராணி எங்கே, மழை எங்கே என்று கேட்பார். ஆனால் முந்தைய மூன்று பாகங்களின் அடிப்படை கேமிலும் நாய், பூனை வளர்க்க முடியாது. அவை எப்போதுமே தனிக்காசு கொடுத்து வாங்கியவைதான்.

எனவே அடிப்படையை அடிப்படையோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால், செல்லப்பிராணி இல்லை என்ற புகார் நிற்காது. நீச்சல் குளமும் நடை பழகும் குழந்தையும் இல்லை என்ற புகார் நிற்கும். ஏனென்றால் அவை அடிப்படை கேமிலேயே ஏற்கெனவே கிடைத்தவை.

அதிலும் இரண்டும் ஒரே எடையுள்ள குறைகள் அல்ல. குளம் இல்லாவிட்டாலும் குடும்பக் கதை ஓடும். குழந்தை நடக்கக் கற்பது, பேசக் கற்பது, அப்பாவா அம்மாவா யாரிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் இல்லாவிட்டால் தலைமுறைக் கதையில் ஒரு அத்தியாயமே கிழிந்துபோகிறது.

மற்ற கேம்களிலும் இப்படித்தானா?

நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' 2020 மார்ச் 20-ல் வந்தது. கொரோனா ஊரடங்கு நேரம். முதல் 12 நாட்களில் 1 கோடியே 17 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் 'நியூ லீஃப்' என்ற முந்தைய பாகத்தில் இருந்த சில விஷயங்கள் இதிலும் முதல் நாளில் இல்லை. கடலில் நீந்துவது 2020 ஜூலையில் வந்தது. பழைய ரசிகர்கள் ஆசையாகக் கேட்ட காபி கடை 2021 நவம்பரில்தான் வந்தது.

இருந்தும் இங்கே எதிர்ப்பு அந்த அளவுக்கு வெடிக்கவில்லை. இந்த கேம் நிஜக் கடிகாரத்தோடு ஓடுவது. ஒரு நாளில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மீனும் பூச்சியும் மாதத்துக்கு மாதம் மாறும். எனவே இல்லாதது உடனே உறுத்தாது. இருப்பதை வைத்தே தீவின் ஒரு வருடம் முழுமையாக ஓடியது.

இப்போது நிலைமை என்ன?

2022 அக்டோபர் 18 முதல் 'தி சிம்ஸ் 4' அடிப்படை கேம் இலவசம். ஆனால் செல்லப்பிராணி (2017), பருவநிலை (2018) உள்ளிட்டவை தனித்தனி பேக்குகள். ஒரு எக்ஸ்பான்ஷன் பேக்கின் அமெரிக்க விலை சுமார் 40 டாலர். இதுவரை வந்த எல்லா பேக்குகளையும் தள்ளுபடி இல்லாமல் வாங்கினால் 1,000 டாலரைத் தாண்டும்.

2024 செப்டம்பரில் இ.ஏ. நிறுவனம் இன்னொரு அறிவிப்பும் வெளியிட்டது. வழக்கம்போல அடுத்த எண் போட்டு, பழையதை ஓரங்கட்டும் புது பாகம் இப்போதைக்கு இல்லை. நான்காம் பாகமே தொடரும். இத்தனை ஆண்டு சேர்த்த பேக்குகளை எல்லாம் விட்டுவிட்டு ரசிகர்கள் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2014-ல் சூடுபட்ட அனுபவத்தை இதில் பார்க்காமல் இருக்க முடியாது.

போட்டியும் வந்துவிட்டது. இந்தியாவில் பி.ஜி.எம்.ஐ. கேமை நடத்தும் தென்கொரியாவின் கிராஃப்டன், 'இன்சோய்' என்ற லைஃப் சிமுலேஷனை 2025 மார்ச் 28-ல் வெளியிட்டது. 'இது இன்னும் முழுமையடையாத பதிப்பு' என்று முதலிலேயே சொல்லி, 'ஏர்லி ஆக்சஸ்' முறையில் விற்றது. அந்தக் காலம் முடியும்வரை கூடுதல் பேக்குகள் இலவசம் என்றும் அறிவித்தது. பாதி கேம்தான் என்று சொல்லி விற்பதற்கும், சொல்லாமல் விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

1. பழைய பாகத்தின் அடிப்படை கேமில் இருந்தது எது, பேக்கில் வந்தது எது என்று பிரித்துப் பாருங்கள். அடிப்படையில் இருந்து காணாமல் போனதைத்தான் குறையாக எண்ண வேண்டும்.

2. விடுபட்டது அலங்காரமா, கதையின் நடுப்பகுதியா என்று கேளுங்கள். நீங்கள் வீடு கட்ட மட்டும் விளையாடுபவர் என்றால் குழந்தைப் பருவம் இல்லாதது உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. குடும்பக் கதைக்காக விளையாடுபவர் என்றால் அதுவே முக்கியம்.

3. பின்னால் வரும் என்றால், இலவச அப்டேட்டிலா, காசு பேக்கிலா? நிறுவனம் தேதி சொல்லியிருக்கிறதா? 'வரும்' என்ற வாக்குறுதியை நம்பி இன்றைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

4. முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் லைஃப் சிமுலேஷனில் முதல் இரண்டு மணி நேரம் முகம் வரைவதிலும் சுவர் எழுப்புவதிலுமே போய்விடும். வெறுமை தெரிவது ஒரு தலைமுறை முடிந்த பிறகுதான். எனவே ஒரு முழுக் குடும்பத்தை விளையாடி முடித்தவர்கள் சொல்வதைத் தேடிப் பாருங்கள். வெளியீட்டு நாள் விமர்சனத்தைவிட ஒரு மாதம் கழித்து வரும் கருத்து பயன்படும்.

ஆக, 'கன்டென்ட் போதுமா?' என்ற கேள்விக்கு சோபாக்களை எண்ணிப் பதில் கிடைக்காது. உங்கள் சிம் பிறந்தது முதல் முதுமை வரை கதை அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், மீதி மெதுவாக வரட்டும். ஓடவில்லை என்றால், காத்திருப்பதே நல்லது. 2014-ல் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைக்காத குழந்தைப் பருவம், இன்றைக்கு டவுன்லோடு செய்பவருக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கிறது.