திருமயிலையின் வீதிச் செல்வம்

சென்னை மாநகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே புகழோடு விளங்கிய பழம்பதி திருமயிலை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான யவன நிலநூலாசிரியர் தாலமி குறித்த 'மயிலார்ப்பா' இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். பேயாழ்வாரும் வாயிலார் நாயனாரும் அவதரித்த பெருமையுடையது இத்தலம். 1749-ஆம் ஆண்டில் இது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக்கு உட்பட்டது.

பண்டைக் கபாலீச்சரம் கடற்கரையை அடுத்து விளங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறிய பின்னர் அது மறைந்தது. அங்கே கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதன் இருப்புக்குச் சான்று பகர்கின்றன. இன்றுள்ள ஆலயம் பின்னர் உள்நிலத்தில் எழுந்தது. கோயில் இடம் பெயர்ந்தும் ஊரின் தன்மை மாறாதிருந்தது எதனால்?

விடை திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில், அரவு தீண்டி மாண்ட சிவநேசரின் மகளை உயிர்ப்பிக்கப் பாடிய பிள்ளையார், மயிலையின் விழாக்களையே அடுக்கி உரைக்கின்றார். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அவை தொடர்ந்து, பெருஞ்சாந்தியில் நிறைவுறுகின்றன. பெருஞ்சாந்தி என்பது குடமுழுக்கே எனக் கொள்வாரும் உளர். கற்கள் மறைந்தாலும் இவ்விழா மரபு மக்கள் உள்ளத்தில் நிலைத்தது. அதனைச் சுற்றியே ஊர் மீண்டும் அமைந்தது.

இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்ற வரலாறு நடத்திக் காட்டப்பெறுகிறது. பிற்பகலில் அறுபத்துமூவர் மாடவீதிகளில் எழுந்தருள, தெருவெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நிறைகின்றன. அன்று ஊர் முழுவதுமே ஆலயமாகிறது. கல்வியும் இங்கே தழைத்தது: 1906-இல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் சம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். 1907-இல் இராமகிருஷ்ண மடம் இங்கே இடங்கொண்டது.

ஆயினும் திண்ணையும் முற்றமும் உடைய பழைய இல்லங்கள் குறைந்து, அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. வாழ்வோர் தேவை மாறும்போது வீடுகள் மாறுவது இயல்பே. ஆனால், வலம் வரும் இறைவனை வாயிலில் நின்று வரவேற்கும் வழக்கம் அற்றுவிடின், கோபுரம் மட்டும் ஓங்கி நின்று பயன் என்ன?

திருப்பணிக்குப் பொருள் ஈந்த புண்ணியசீலர்களே! வீதியைத் தூய்மையாக வைத்தலும், குளத்து நீரைக் காத்தலும், விழா நாளில் இளஞ்சிறாரை உடன் அழைத்து வந்து அதன் பொருளை உரைத்தலும் திருப்பணியே. இடம் பெயர்ந்த கோயிலை வாழவைத்தவர் நம் முன்னோர். இருக்கும் ஊரை வாழவைக்கும் பேற்றினைக் கற்பகவல்லி உடனுறை கபாலீசுவரர் நமக்கு அருள்வாராக!