தொடக்கச் சொல்லும் ஈற்றடியும்

கவிதையைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுந்து பதிலின்றி அடங்கிவிடுகிறது. முடியாது என்பதில் கவிஞனின் கர்வம் இருக்கிறது. முடியும் என்பதில் வாத்தியாரின் அசட்டுத்தனம். வகுப்பறையிலேயே இதைச் சோதித்துப் பார்த்த ஒரு கவிஞரின் சரித்திரம் நமக்கு உபயோகப்படும் என்று படுகிறது.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1920களில் நியூயார்க்கின் லிங்கன் பள்ளியில் ஹ்யூஸ் மெர்ன்ஸ் ஆங்கில வகுப்பைக் கவிதை எழுதும் இடமாக்கினார். 1925இல் ‘கிரியேட்டிவ் யூத்’ என்ற புத்தகத்தில் அந்த அனுபவத்தைச் சொன்னார். கவிதை குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் காத்திருந்து, வெளிவருவதை இனங்கண்டு ஏற்றால் போதும் என்பது அவர் கொள்கை. ரொமாண்டிக் நம்பிக்கைதான் இது.

1968இல் கென்னத் கோக் அதே நகரில் பி.எஸ். 61 என்ற பொதுப்பள்ளிக்குப் போனார். ஜான் ஆஷ்பெரி, ஃபிராங்க் ஓ’ஹாரா ஆகியோரின் கூட்டாளி; கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அது ‘நான் விரும்புகிறேன்’ என்று தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறம், ஒரு சித்திரக்கதைப் பாத்திரம், ஒரு ஊர் அல்லது நாடு வர வேண்டும் என்றார். தாள்களைச் சேர்த்து ஒரே கவிதையாக வாசித்துக் காட்டினார். வகுப்பு குதூகலித்தது. பிறகு பொய்கள், கனவுகள், சப்தங்கள், ‘முன்பு நான் - இப்போதோ’ என்று வேறு தொடக்கங்கள். எதுகை வேண்டாம் என்பது அவர் விதித்த தடை. ஒலிப் பொருத்தம் தேடப் போகும் குழந்தை, சொல்ல வந்ததைத் தொலைத்துவிடுகிறது என்பது காரணம். 1970இல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே ‘விருப்பங்கள், பொய்கள், கனவுகள்.’

இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளி நினைவு வந்தது. தமிழாசிரியர் ஈற்றடி கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வார். நாள், மலர், காசு, பிறப்பு என்று விரல் மடக்கி எண்ணுவோம். எனக்குத் தளை தட்டாது. சொல்ல விஷயம்தான் இருக்காது. ஈற்றடி போய்ச் சேரவேண்டிய இடத்தை முன்பே நிச்சயித்துவிடுகிறது. காளமேகத்துக்கு அது ஒரு சவால். பதின்மூன்று வயசுப் பையனுக்குச் சுவர். கோக் கொடுத்த தொடக்கச் சொல்லோ பையனைத் தெருவில் இறக்கிவிட்டு விலகிக்கொள்கிறது. இரண்டும் கட்டுப்பாடுதான். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது நம் பிழை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. குழந்தையைக் கவிஞன் என்பது மாயை அல்லவா என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்து மைரா கோன் லிவிங்ஸ்டன் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். கோக்கின் முறையும் அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. பாதியை ஒப்புக்கொள்கிறேன். உற்சாகம் கவிதை ஆகிவிடாது. கவிஞனில்லாத வகுப்பறையில் ‘நான் விரும்புகிறேன்’ என்பதும், விண்ணப்பப் படிவத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதாகிவிடும்.

ஆனால் 1973இல் வந்த கோக்கின் இரண்டாவது புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் அவர் பிளேக்கையும் ரேம்போவையும் வில்லியம்ஸையும் சிறுவர்களிடமே கொண்டுபோனார். குளிர்பெட்டியிலிருந்த பிளம்ஸ் பழங்களைத் தின்றுவிட்டு மன்னிப்புக் கேட்கும் வில்லியம்ஸ் கவிதையை வாசித்துவிட்டு, மனசுக்குள் வருத்தமே இல்லாத ஒரு குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள் என்றார். அருஞ்சொற்பொருளும் பொழிப்புரையும் இல்லை. கவிதையின் உள்ளே இருக்கும் விஷமத்தைச் சிறுவன் தானே செய்து பார்க்கிறான். விமர்சனம் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுதான்.

1959இல் ‘எழுத்து’ வந்த பின் யாப்பை விட்டவர்களிடம் வடிவம் எங்கே என்று கேட்டார்கள். நாம் அனுபவம், பிரக்ஞை என்று பேசினோமே தவிர, வடிவம் என்ன வேலை செய்கிறது என்று காட்டவில்லை. எதுகையை நீக்கிய பிறகும் வடிவம் மிஞ்சும், அது ஒருவனைப் பேசத் தூண்டும் என்பதை பி.எஸ். 61இன் குழந்தைகள் காட்டினார்கள். கோக் 2002இல் காலமானார். அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் கவிஞர்களானார்கள் என்று கேட்பவர், வெண்பா முடித்த எங்கள் வகுப்பைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.