நெல்லைத் தாக்கும் குலை நோய்... பயிரின் சுவரைப் பூஞ்சை உடைப்பது எப்படி?

மதுரை பசுமலையைத் தாண்டி திருப்பரங்குன்றம், நிலையூர் பக்கம் போனால் வயல்கள் தொடங்கிவிடும். மார்கழிப் பனி இறங்கும்போது நெல் விவசாயிகள் இலையை உற்றுப் பார்ப்பார்கள். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என கண் வடிவப் புள்ளி இருந்தால், அது குலை நோய். அதுவே கதிரின் கழுத்தில் வந்தால் மணி பிடிக்காது, கதிர் பூரா பதர்தான்.

காரணம், மேக்னபோர்தே ஒரைசே என்ற பூஞ்சை. நமக்கு இது பழைய எதிரி. 1919-லேயே தஞ்சாவூர் டெல்டாவைப் பதம் பார்த்திருக்கிறது.

உள்ளே நுழைவது எப்படி?

காற்றில் வரும் வித்து, பனி ஈரமுள்ள இலையில் ஒட்டி முளைக்கும். முளையின் நுனியில் ஒரு குமிழ் உருவாகும். அதற்குள் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறும். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட 30 மடங்குக்கும் மேல்! அந்த வேகத்தில் ஊசி போன்ற இழை இலைத்தோலைக் குத்தும்.

நொதிகளுக்கு என்ன வேலை?

குத்தினால் மட்டும் போதாது, உள்ளே செல் சுவர் இருக்கிறதே. அதில் செல்லுலோஸ் இழைகள்தான் கம்பி. அவற்றைப் பிணைக்கும் சைலன் என்ற சர்க்கரைச் சங்கிலி சிமென்ட் மாதிரி. நெல், கோதுமை போன்ற புல் இனப் பயிர்களில் சைலன் அதிகம். பூஞ்சை சுரக்கும் சைலனேஸ் நொதி சிமென்டைக் கரைக்கும், செல்லுலேஸ் கம்பியை அறுக்கும்.

ஒரு சைலனேஸ் மரபணுவை மட்டும் ஆய்வாளர்கள் முடக்கிப் பார்த்தபோது பூஞ்சை அசரவே இல்லை. அதே வேலைக்கு வேறு நொதிகள் கையிருப்பில் இருந்தன. பலவற்றை ஒன்றாக அடக்கிய பிறகுதான் தாக்குதல் குறைந்தது.

நெல் சும்மா இருக்குமா?

இருக்காது. பூஞ்சையின் சுவரில் கைட்டின் உண்டு. நெல் தன் கைட்டினேஸ் நொதியால் அதை உடைத்து, சிதறும் துணுக்குகளை மோப்பம் பிடித்து உஷாராகும். அந்தத் துணுக்குகளை மறைக்கவும் பூஞ்சையிடம் ஒரு புரதம் இருக்கிறது. கில்லாடிதான்!

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

யூரியா கூடினால் நோயும் கூடும். மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவது நல்லது. விதை நேர்த்திக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கலாம்.

கடையில் கிடைக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்து நொதியைத் தொடுவதே இல்லை. குமிழைச் சுற்றி வரும் மெலனின் பூச்சைத்தான் தடுக்கும். பூச்சு இல்லாத குமிழால் இலையைத் துளைக்க முடியாது. அதனால், பூஞ்சை உள்ளே போன பிறகு அடித்தால் பலன் குறைவு. கழுத்து கறுத்த பிறகு கடைக்கு ஓடுவதைவிட, கதிர் வெளிவரும் முன்பே வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ கேட்டுவிட்டுத் தெளிக்கலாம்.