உப்பு வண்டியில் ஒரு குடும்பம்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் 'ஆர்.வி.' என்ற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓய்வு பெற்றவர்கள் அதில் ஏறி மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். வண்டியிலேயே குடித்தனம் என்பது நம் தொண்டை நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். நாம் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறோமே, அதே காஞ்சிதான். அந்தப் பாட்டின் வழியில் உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், வண்டி வண்டியாக வருகிறார்கள்.

வண்டிக்கு மேலே புல்லால் வேய்ந்த கூரை. வாசலில் கோழிக்கூடு. பக்கத்தில் சின்ன உரல் ஒன்று தொங்குகிறது. முன்பக்கம் காடி நிரப்பிய பானையைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மாட்டை ஓட்டுவது யார் தெரியுமா? கைக்குழந்தைக்காரி ஒருத்தி! ஆண்கள் வேப்பந்தழை மாலை சூடி, வரிசையாகப் போகும் வண்டிகளுக்குப் பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். முட்டை, மாவு, புளிப்பு என்று சமையலறையே கூட வருகிறது. இரவு தங்கிய இடத்தில் இவர்கள் விட்டுப்போன அடுப்புக் கற்களை அகநானூறு சொல்கிறது.

வழியில் அச்சு முறிந்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது ஔவையார் இதைத்தான் உவமையாக எடுக்கிறார். மாடுகளோ இளசு, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். மேடு வருமோ பள்ளம் வருமோ, யார் கண்டது? அதனால் உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதன் பெயர் சேம அச்சு. நம் காலத்து ஸ்டெப்னி! (புறநானூறு 102)

நம் தலைமுறை பார்த்த பாரவண்டியிலும் இந்த முன்யோசனை இருந்தது. அடியில் அரிக்கேன் விளக்கு, மாட்டுக்கு வைக்கோல், அச்சுக்குப் போட வைக்கோல் சாம்பலும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை, மாற்றுக் கடையாணி.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஆவடி, திருவள்ளூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. தொலைதூரச் சரக்கு மெல்ல மெல்ல தண்டவாளத்துக்கு மாறியது. பிறகு லாரி வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரிகள் நம் தெருக்களுக்கே வந்துவிட்டன. ஸ்டவ், தண்ணீர் கேன், தார்ப்பாய், கயிறு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எல்லாம் அதிலும் உண்டு. குடும்பம் மட்டும் இல்லை. உமணப் பெண் குழந்தையோடு வண்டி ஓட்டினாள். லாரி டிரைவரின் குழந்தை ஊரில் வளர்கிறது. வண்டிக்குள் இருந்த வீடு, தூங்க ஒரு பலகையாகச் சுருங்கிவிட்டது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனாலும் குளிக்க, கழிப்பறை போக, நிம்மதியாகப் படுக்கச் சாலையோரத்தில் இடம் வேண்டாமா? அந்தக் காலத்தில் வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம். நாலு நாள் ஓட்டி வந்து, தொழிற்பேட்டை வாசலில் கேட் திறக்கக் காத்திருக்கும் மனிதருக்கும் அது பொருந்தும்தானே?